எட்டுக்குள் ஊன்றிய கால்

நீலச் சட்டை போட்ட அந்தப் பையன் இரண்டாம் முறையும் இடது காலை ஊன்றினான்.

தரையில் போட்ட எட்டின் மேல் வளையத்தை மோட்டார் சைக்கிளில் ஒழுங்காகத்தான் சுற்றி வந்தான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தையும் கடந்துவிட்டான். கீழ் வளையத்தில் பாதி வந்தபோது கைபிடி ஆடியது. செருப்புக் கால் தரையில் பட்டுச் சுண்ணாம்புக் கோட்டை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வெள்ளைத் தூசி கிளம்பி அடங்கியது. இயந்திரத்தை நிறுத்தாமலே அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

வேப்பமரத்தின் கீழ் அவனுடைய தகப்பன் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, தோளில் சால்வை, கையில் ஒரு பழைய கடித உறை. அவரும் என்னைத்தான் பார்த்தார்.

நான் குனிந்து படிவத்தில் எழுதினேன்: தவறினார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து ஒன்றோ இரண்டோ வருடம் சென்றிருக்கும். மாதம் நினைவில்லை. சோதனை நடத்தும் வெளியில் புல் கருகிக் கிடந்தது, காற்றில் உப்பு வாசம் இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகன். வாகனம் ஓட்டப் பழகி வருபவர்களைச் சோதித்து, அனுமதிப் பத்திரத்துக்குத் தகுதியா இல்லையா என்று எழுதுவது என் வேலை.

என் வேலைக்கால நினைவுகளை எழுதும் இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு சம்பவத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவது சரியில்லை என்று இப்போது படுகிறது.

சுண்ணாம்புக் கோடு

மோட்டார் சைக்கிள் சோதனை என்றால் பலருக்கும் அந்த எட்டுத்தான் ஞாபகம் வரும். காலையில் போனதும் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்துத் தரையில் பெரிய எட்டு ஒன்று போடுவோம். அந்தக் கோட்டோடு மெதுவாக ஓட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. இரண்டு தரம் விடுவோம். இரண்டாம் தரமும் பட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"ரோட்டிலை ஆர் சேர் எட்டுப் போட்டு ஓடுறது?" என்று கேட்காத ஆள் இல்லை.

வேகமாக ஓடும்போது வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். சந்தைக்கு முன்னால், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், மாடு குறுக்கே வந்து நிற்கும்போது, நடக்கிற வேகத்தில் ஓட வேண்டி வரும். அந்த நேரத்தில்தான் ஒருவனுக்கு ஓட்டத் தெரியுமா என்பது தெரியும். பயந்தவன் காலைப் போடுவான். கால் போட்டால் வண்டி அந்தப் பக்கம் சாயும்.

இதை நான் யாருக்கும் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. "எட்டைப் போடும், பிறகு கதைப்பம்" என்பேன். கடுமையான ஆள் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

நாயனக்காரர்

ஆரம்பத்தில் நான் அப்படி இருக்கவில்லை.

வேலைக்கு வந்த புதிதில் அளவெட்டியிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் சோதனைக்கு வந்தார். பெயர் எழுத விரும்பவில்லை. அவருடைய வாசிப்பைக் கேட்பதற்காகவே நாலு மைல் சைக்கிள் மிதித்துத் திருவிழாக்களுக்குப் போனவன் நான். அவர் என் முன்னால் கைகட்டி நின்றதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவருக்கு எட்டு வரவில்லை. மூன்று இடத்தில் கால் போட்டார். சிரித்துக்கொண்டே, "இது என்ரை விரலுக்குச் சொல்லுக் கேக்குதில்லைத் தம்பி" என்றார். நானும் சிரித்தேன். தேறினார் என்று எழுதிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் செய்தி வந்தது. திருவிழாவுக்குப் போகிற வழியில், ஒரு மதகடியில், எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காலைப் போட்டிருக்கிறார். வண்டி சரிந்து வலது கையின் மேல் விழுந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு விரல் மடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். என்னோடு நன்றாகவே கதைத்தார். கோபமே இல்லை. நான் எழுந்து புறப்பட்ட நேரத்தில் மட்டும், "நீங்கள் அண்டைக்கு என்னைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து கால் ஊன்றிய எவரையும் நான் தேற்றவில்லை. மந்திரியின் ஆள் என்று வந்தவரையும் இல்லை, என் மனைவியின் தம்பியையும் இல்லை.

இரண்டு கிழமை

நீலச் சட்டைப் பையனின் பெயர் சிவனேசன். வீட்டில் நேசன். இருபத்திரண்டு வயது. ஏழாலையில் புகையிலைத் தோட்டம் செய்கிற கதிரவேலருக்கு ஒரே மகன்.

படிவத்தில் நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "சேர், எனக்கு ரோட்டிலை வடிவாய் ஓடத் தெரியும். இந்தக் கோட்டுக்குள்ளை வந்தாப் பிறகுதான் கை நடுங்குது."

"நடுக்கம் நிண்டாப் பிறகு வாரும்" என்றேன்.

கதிரவேலர் கிட்ட வந்து உறையிலிருந்த கடிதத்தை எடுத்து விரித்தார். மத்திய கிழக்கில் ஒரு கொம்பனியில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எல்லாம் சரிவந்திருந்தது. அனுமதிப் பத்திரம் ஒன்றுதான் குறை.

"ஐயா, சனிக்கிழமை ஏஜென்சிக்காரர் கடதாசியளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போறார். இதோடை விட்டால் இனி எப்ப எண்டு தெரியாது. பெடியனை இஞ்சை வைச்சிருக்கப் பயமாயிருக்கு."

அவர் சொன்ன பயம் எனக்கும் விளங்கியது. அந்த நாட்களில் இளம் பிள்ளைகள் இருந்த எந்த வீட்டிலும் அதே பயம்தான். இராணுவ ட்றக் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பின்வேலியால் அனுப்பிவிட்டுத் தாய்மார் முன்வாசலில் நிற்பார்கள்.

"அண்ணை, விளங்குது. ஆனால் ஓடத் தெரியாதவனுக்கு எழுதிக் குடுத்து அங்கை ரோட்டிலை விழுந்து செத்தால் ஆர் பதில் சொல்லுறது? ரெண்டு கிழமை பழகட்டும். வாற கிழமைக்கு அடுத்த வியாழன் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏஜென்சிக்காரரிட்டைச் சொல்லிப் பாருங்கோ, பொறுப்பினம்."

கதிரவேலர் கடிதத்தைப் பழைய மடிப்புப்படியே மடித்து உறைக்குள் வைத்தார். நேசன் வண்டியை உதைத்தான். தகப்பன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

எனக்கு மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை

குறித்த வியாழனன்று கதிரவேலர் வந்தார். தனியாக, பஸ்ஸில்.

நான் சுண்ணாம்பு போட்டு முடிக்கவில்லை. வாளியோடு நின்ற என்னிடம் வந்து, "நேசன் இண்டைக்கு வரமாட்டான் ஐயா. பெயரைக் கூப்பிட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிப்பியள், அதுதான் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்" என்றார்.

"ஏன், சுகமில்லையோ?"

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

சுருக்கமாகத்தான் சொன்னார். அன்று என்னிடமிருந்து போன மறுநாளே நேசன் கோயில் மேற்கு வீதியில் சாம்பலால் எட்டு ஒன்று போட்டிருக்கிறான். ஒவ்வொரு காலையும் அதில் பழகுவான். முதலில் கால் போட்டவன் நாலாம் ஐந்தாம் நாள் போடாமலே சுற்றினானாம். தாய் தேத்தண்ணி கொண்டுபோய் நின்று பார்த்திருக்கிறாள்.

"இந்தத் திங்கட்கிழமை விடிய ட்றக் வந்தது. வீதியிலை நிண்ட மற்றப் பெடியள் எல்லாம் சத்தம் கேட்டு ஓடிட்டாங்கள். இவனுக்கு மெசின் சத்தத்திலை கேக்கேல்லைப் போலை. சுத்திக்கொண்டு நிண்டிருக்கிறான்."

வாளியைக் கீழே வைத்தேன்.

"சைக்கிள் விழுந்து கிடந்தது. நான் போகேக்கையும் மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிப்பாட்டத் தெரியாது எனக்கு. பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து நிப்பாட்டினது."

விட்டுவிடுவார்கள் என்றேன். எல்லோரும் சொல்கிற அதையேதான் நானும் சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு, "பேந்து அவன் வந்தால் திரும்பக் காசு கட்ட வேணுமோ, இதே கடதாசி காணுமோ?" என்று கேட்டார்.

"இதே கடதாசி காணும்" என்றேன்.

பத்து மணிக்குப் பெயர்களைக் கூப்பிட்டோம். வராதவர்களுக்குச் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுத வேண்டும். நேசனின் பெயருக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மகனின் காற்சட்டை

ஆறேழு மாதம் கழித்து, ஒரு சோதனை நாளின் பட்டியலில் கதிரவேலு என்று ஒரு பெயர் இருந்தது. வயது ஐம்பத்தாறு. மோட்டார் சைக்கிள். ஊர் ஏழாலை.

அவரேதான். வேட்டி இல்லை. மகனுடைய காற்சட்டை. கால் நுனி இரண்டு மடிப்பு மடித்திருந்தது. இடுப்பில் அளவு காணாமல் சணல் கயிறு ஒன்று கட்டியிருந்தார். மோட்டார் சைக்கிள் நேசனுடையது. தலைக்கவசமும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும், நெற்றிக்கு இறங்கி நின்றது. ஆனால் தாடைப் பட்டியைச் சரியாகப் பூட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அதைப் பூட்டுகிறவர்கள் குறைவு.

"என்ன அண்ணை இது?"

"பஸ்ஸை நம்பி ஒண்டும் செய்யேலாது ஐயா. விடிய ஆறு மணிக்கு ஆமி முகாம் வாசலிலை நிண்டால்தான் அவன்ரை பெயரைக் குடுக்கலாம். ஒரு இடத்திலை இல்லையெண்டால் அடுத்த இடத்துக்கு ஓட வேணும். வழக்குப் பேசப் பட்டணத்திலை அப்புக்காத்தரைப் பாக்க வேணும். சைக்கிள் வீட்டிலை சும்மாதானே நிக்குது. அதுதான் பழகினனான்."

"எங்கை பழகினனீங்கள்?"

"அந்த வீதியிலைதான்."

நான் விசிலை ஊதினேன்.

மிக மெதுவாக ஓடினார். தோட்டத்தில் வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறவர் போலக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார். முதல் முறை நடுவில் கால் பட்டது. இரண்டாம் முறை மேல் வளையம் வந்தது, நடுவைக் கடந்தது, கீழ் வளையமும் முக்கால்வாசி வந்துவிட்டது. அந்த இடத்தில் இடது காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது. தொட்டதும் எடுத்துவிட்டார். கோடு கலையவில்லை. தூசி கிளம்பவில்லை. எட்டை முடித்து, வண்டியை நிறுத்தி, மறக்காமல் பின்னால் திரும்பிப் பார்த்து இறங்கினார்.

வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. நான் எழுதினேன்: தேறினார்.

அவருக்கு இங்கிலீசு தெரியாது, தமிழ் நன்றாக வாசிப்பார். பக்கத்தில் வந்து நின்று படிவத்தைப் பார்த்தார்.

"ஐயா, கால் பட்டது."

"நான் காணேல்லை அண்ணை."

"கண்டனீங்கள்."

வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் குரலை இன்னும் தணித்தார்.

"அவனுக்கு விடாததை எனக்கு விட வேண்டாம். அப்பிடி விட்டால், அண்டைக்கு அவனை நீங்கள் அனுப்பினதுக்கு ஒரு நியாயமும் இல்லாமல் போடும். அதை வெட்டிப்போட்டுச் சரியாய் எழுதுங்கோ."

வெட்டினேன். அதற்கு மேலே 'தவறினார்' என்று எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"எப்ப வாறது ஐயா?"

"நாளைக்கு வாங்கோ."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவர் தலைக்கவசத்தின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"நாளைக்கும் வரலாமோ?"

"வரலாம்."

"ரெண்டு கிழமை எண்டு சட்டம் இல்லையோ?"

"இல்லை அண்ணை. நாங்கள் வழக்கமாய் அப்பிடிச் சொல்லுறது."

அவர் பட்டியைக் கழற்றி முடித்தார். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "சரி, அப்ப நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சோதனையில் தவறியவர் அல்லவா, வெளியைத் தாண்டும்வரை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

நேசனைத் தவறினார் என்று எழுதியது பிழை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. இன்றைக்கும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமையே வா என்று சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் கை நடுக்கம் நின்றிருக்குமோ, சனிக்கிழமைக்குள் காரியம் முடிந்திருக்குமோ, தெரியாது. சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். அந்த இரண்டு கிழமை எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் வேலை லேசாக இருக்கட்டும் என்று யாரோ எப்போதோ தொடங்கியது. நான் அதைச் சட்டம் போலச் சொன்னேன்.

மறுநாள் அவர் வந்து எட்டைச் சுத்தமாகப் போட்டார். அதன் பிறகு என்னிடம் தவறிய எவரையும் நான் இரண்டு கிழமைக்கு அனுப்பவில்லை.

பின் இருக்கை

அந்த மோட்டார் சைக்கிளைக் குடாநாட்டு வீதிகளில் பிறகு பலமுறை கண்டேன். ஒரு நாளும் வேகமாக ஓடிக் கண்டதில்லை. யாரும் இல்லாத சந்தியிலும் கையை நீட்டிச் சைகை காட்டித்தான் திரும்புவார்.

வீதிகளில் படையினரின் சென்றிகள், சோதனைக் காவலரண்கள், வந்த பிறகு தலைக்கவசம் போடுவதும் ஆபத்தாகிவிட்டது. முகம் தெரிய வேண்டும். நூறு யார் தூரம் முன்னாலேயே நிறுத்தி, கழற்றிக் கைபிடியில் கொழுவி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். தலை உடையாமல் இருக்கப் போடுகிற பொருளைச் சுடப்படாமல் இருக்கக் கழற்ற வேண்டியிருந்தது. மோட்டார் வாகனப் பரிசோதகன் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட காலம் அது.

படைகள் மாறின, முகாம்கள் மாறின. ஒருமுறை நெல்லியடிச் சந்தையடியில் அவரைக் கண்டபோது பின் இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். நடுவயது, கறுத்தக் கரைச் சேலை, மடியில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே படம் இருப்பது தெரிந்தது.

"இவவின்ரை மகனையும் பிடிச்சிட்டாங்கள்" என்றார் கதிரவேலர். "இடம் வலம் தெரியாது, பாவம். எனக்கு வாசல் எல்லாம் பழக்கம்தானே. கூட்டிக்கொண்டு போறன்."

இப்படி ஏறினவர்கள் பலர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் ஒருசிலருடைய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அந்தத் தாய்மார் அர்ச்சனைத் தட்டோடு ஏழாலைக்கு வந்து அவர் வீட்டு வாசலில் அழுதிருக்கிறார்கள்.

நேசன் வரவில்லை.

மழை

பெற்றோல் இல்லாமல் போன காலத்தில் எல்லோரையும் போல அவரும் மண்ணெண்ணெயில் ஓடினார். புகைக்குள் இருமிக்கொண்டு வருவார். பிறகு மண்ணெண்ணெயும் அரிதாகி, அவரைக் காண்பது குறைந்தது.

கடைசியாகக் கண்டது தொண்ணூற்றைந்தில். இராணுவம் நெருங்கியதில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததற்கு மறுநாள் மத்தியானம். நானும் மனைவியும் ஒரு சைக்கிளில் இரண்டு மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. சாவகச்சேரியைத் தாண்டி ஒரு பூவரசின் கீழ் கதிரவேலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். எண்ணெய் இல்லை, ஊரிலிருந்தே தள்ளி வந்திருக்கிறார். இருக்கையில் பாயும் பெட்டியும் கட்டியிருந்தன. பக்கத்தில் அவருடைய மனைவி நனைந்தபடி நின்றாள்.

"எங்கை அண்ணை போறியள்?"

"மீசாலையிலை இவவின்ரை சொந்தக்காரர் இருக்கினம்."

அவருடைய மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டைப் பூட்டாமல் வந்திட்டார் தம்பி. பூட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். கேக்கேல்லை."

"பூட்டினால் அவன் வந்து என்னெண்டு உள்ளுக்குப் போறது?" என்றார் அவர். அவளுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "மீசாலையிலை இன்னார் வீட்டை நிக்கிறம் எண்டு கரியாலை சுவரிலை எழுதிப்போட்டு வந்திருக்கிறன்."

மழை மறுபடி பலத்தது. நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "கரியெண்டால் இந்த மழைக்கு அழிஞ்சு போமே அண்ணை."

"உள்ளுக்கு எழுதினனான்" என்றார். "சாமிப்படத்துக்குக் கீழை. மழை படாது."

சொல்லிவிட்டுக் குனிந்து கைபிடியைப் பிடித்தார். அவருடைய மனைவி பின்னால் நின்று தள்ளினாள்.